சத்து மாவில் பணம் போடலாமா, அண்ணாச்சி?

துபாயில் வேலை பார்க்கிற பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஆலங்குளம் பக்கம் ஒரு யூனிட் போடப் போகிறாராம். கம்பு மாவு, சாமை, தவிடு நீக்காத அரிசி, கருப்பு உளுந்துப் பொடி என்று நாம் தினமும் சாப்பிடுகிற சாமான்களையே சத்தானதாகச் செய்து சென்னை, பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அனுப்புவது திட்டம். தம்பி 12 லட்சம் போட்டால் கால் பங்கு. பங்கு வேண்டாமென்றால் மாதம் 2 வட்டி. "போடலாமா அண்ணாச்சி? இனி எதிர்காலமே இதில்தானே?" என்று கேட்கிறார்.

நான் இருபத்தெட்டு வருஷம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் சிறுதொழில் கடன் பார்த்தே போனது. அரிசி ஆலை, மாவு மில், செக்கு, அப்பளக் கம்பெனி என்று நான் ஏறி இறங்காத கிட்டங்கி, அதாவது சரக்கு அறை, குறைவு. ஓய்வு பெற்ற பிறகு சொந்தப் பணம் 3 லட்சத்தை ஒரு சிறுதானிய மாவு யூனிட்டில் போட்டு முக்கால்வாசியைத் தொலைத்தவனும் நானேதான். கடன் கொடுத்தவன் பக்கத்திலும் பணம் போட்டவன் பக்கத்திலும் நின்று பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்காலம் இருக்கிறதா என்றால் இருக்கிறது தம்பி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்திய நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு என்றது அது. ஏழு பேரில் ஒருவர். எங்கள் தெருவில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பாயசத்தைக் கையால் மறைப்பவர்கள் அதைவிட அதிகமாகவே தெரிகிறார்கள். ஆனால் தேவை இருப்பது வேறு, அந்தத் தேவையிலிருந்து காசு எடுப்பது வேறு. எனக்குத் தெரிந்து மூடிய உணவு யூனிட்டுகளில் வாங்க ஆளில்லாமல் மூடியவை கொஞ்சம்தான். சரக்கு தேங்கியும் திரும்பி வந்தும் மூடியவைதான் நிறைய.

என் கதையைச் சொல்கிறேன். யூனிட்டின் பெயரும் ஊரும் வேண்டாம், நடத்தியவர் நேர்மையான ஆள். கம்பு மாவு, கேழ்வரகு மாவு, சத்துமாவு என்று ஏழெட்டு வகை. நல்ல கம்பாக வாங்கி, கல் நீக்கி, உமி நீக்கி, நைசாக அரைத்து, ஜிப் வைத்த பையில் போட்டு, ஆறு மாதம் வைத்திருக்கலாம் என்று மேலே அச்சடித்தார்கள். தை மாதம் முதல் லோடு சென்னைக்குப் போனது. சித்திரையில் பெட்டி பெட்டியாகத் திரும்ப ஆரம்பித்தது. ஒரு பையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன். பழைய எண்ணெய்ச் சட்டி வாடை. வண்டு இல்லை, பூஞ்சணம் இல்லை, வாயில் போட்டால் கசப்பு மட்டும். "கடையில் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டார்கள் அண்ணாச்சி" என்றார் அவர். கடைக்காரர் என்ன செய்வார், பாவம். கம்பின் குணமே அதுதான்.

கம்பில் நூற்றுக்கு 5 பங்கு எண்ணெய் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 1 பங்குகூட இராது. கம்பின் எண்ணெயில் பெரும்பகுதி முளைக்கருவில் உட்கார்ந்திருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை அது பேசாமல் கிடக்கும். அரைத்தவுடன் லைபேஸ் என்ற நொதி அந்த எண்ணெயைத் தொட்டுவிடும், காற்றும் சேர்ந்துகொள்ளும். நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் மாவு காற, அதாவது எண்ணெய் கெட்டுக் கசக்க, ஆரம்பித்துவிடும். எங்கள் ஆச்சி கம்பை மாவாக அரைத்துப் பானையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு நனைத்து, உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, அன்றைக்கே காய்ச்சிவிடுவார். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுவார். அது பழமை என்று நினைத்தோம். அவர் சரக்கைத் தேங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறார்.

இந்தத் தொழில் முழுக்க இதே கதைதான் தம்பி. தானியத்தில் நல்லது எதுவோ அதுதான் முதலில் கெடும். நாரும் வைட்டமினும் தவிட்டில் இருக்கின்றன, எண்ணெயும் அங்கேதான். முளைக்கருவில் சத்து, காறலும் அங்கிருந்துதான். அரிசியை வெள்ளையாகத் தீட்டியவனும் கோதுமையை மைதாவாக்கியவனும் நம்மை நோயாளியாக்கத் திட்டம் போடவில்லை. வெள்ளையாக இருந்தால் கண்ணுக்கு அழகு, சரக்கும் ஒரு வருஷம் கிட்டங்கியில் நிற்கும். அதனால்தான் அப்படிச் செய்தான். ஆகவே, சத்தான சாமானில் பணம் போடுகிறேன் என்று நீங்கள் சொல்லும்போது, சீக்கிரம் கெடுகிற சாமானில் பணம் போடுகிறீர்கள். அந்தக் கெடுதலை உங்கள் நண்பர் எப்படிச் சமாளிக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. பையின் நிறமும் பெயரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அரிசியை எடுத்துக்கொள்வோம், நமக்குத் தெரிந்த சரக்கு. அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் இருந்து இருக்கிறது. 1986இல் அங்கிருந்து வந்ததுதான் ஏஎஸ்டி 16, நாம் அம்பை 16 என்று சொல்கிற குட்டை, தடி அரிசி. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இன்றைக்கும் அதற்கு மவுசு உண்டு, இட்லிக்கும் சாப்பாட்டுக்கும். இந்த நெல்லில் 100 கிலோவை மில்லில் போட்டால் உமி 20 கிலோ போகும். தீட்டும்போது தவிடு 8 கிலோ போல வரும். கைக்கு அரிசி 66, 68 கிலோ நிற்கும், மிச்சம் நொய்யும் சேதாரமும். உமியை மட்டும் நீக்கித் தவிட்டோடு விட்டால் 78 கிலோ போலக் கிடைக்க வேண்டும். எடை கூடுதல், மின்சாரமும் மிச்சம். அப்படியானால் தவிடு நீக்காத அரிசி வெள்ளை அரிசியைவிட மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? கடையில் போய்ப் பாருங்கள், கூடுதல் விலைதான் போட்டிருக்கும்.

எல்லாம் கொள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. தவிட்டை எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விற்று வருகிற காசு மில்காரருக்கு இல்லாமல் போகிறது. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் என்பதால் அது நல்ல வரவு. அதோடு தவிட்டரிசி சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டுக்கும் அதுதான் பிடிக்கும். அந்த நஷ்டத்தை எல்லாம் விற்கிற பையின் மேல் ஏற்றித்தான் விலை வைக்கிறார்கள். உங்கள் நண்பர் கணக்கில் தவிட்டரிசிக்குக் கொழுத்த லாபம் காட்டியிருந்தால் அந்த நஷ்டத்தை அவர் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தான அரிசி என்று எதையோ புதிதாகத் தேடுகிறோம், வீட்டில் இருக்கிற புழுங்கலரிசியே அந்த வகையில் மிகப் பழைய கண்டுபிடிப்பு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் அது முழுசாகப் போகாது. பி1 வைட்டமின் குறைவால் வருகிற பெரிபெரி நோய் ஏன் பச்சரிசிக்காரர்களைப் பிடிக்கிறது என்று ஆராய 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுதான் பின்னால் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நீலகிரியில் ஒருவர் குழல் குழலாக வைத்துப் பார்த்ததை நம் ஊர் நெல் அவிக்கிற பெண்கள் முன்பே செய்துகொண்டிருந்தார்கள். புழுக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: அந்தச் சூட்டில் லைபேஸ் செயலிழந்துவிடும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறுவது நிற்காது என்றாலும், நொதியின் தொல்லை பெருமளவு ஒழியும். ஆகவே தவிட்டரிசி போடுவதானால், அவித்த நெல்லில், அரைத்தீட்டலாக, மாதாமாதம் அரைத்து, பக்கத்து ஊர்களிலேயே விற்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். பச்சையாக அரைத்து பெங்களூருக்கு ஏற்றுகிறவரிடம் இல்லை.

கம்பு மாவுக்கும் வழி இல்லாமல் இல்லை. அரைப்பதற்கு முன் தானியத்தை ஆவியில் அவித்தோ வறுத்தோ நொதியை அடக்கலாம். நாள் கூடும். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், காய வைக்க இடம் வேண்டும், மாவின் பிசுபிசுப்பும் ருசியும் கொஞ்சம் மாறும். இதை எல்லாம் சொந்தக் காசில் இயந்திரம் வாங்கிப் பரிசோதிக்காதீர்கள். தஞ்சாவூரில் முன்பு நெல் பதன் ஆராய்ச்சி நிலையமாக இருந்த தேசிய நிறுவனத்தில் சிறுதொழில்காரர்கள் தங்கள் சரக்கைச் செய்து பார்க்க வசதி உண்டு. நண்பர் அங்கே ஒரு தடவையாவது போய் வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். போகாமலே இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது ஒரு பதில்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். எண்களை எளிதாக வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், சந்தை விலையை நீங்கள் பிற்பாடு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 2,000 கிலோ கம்பு மாவு. கம்பு கிலோ 35 ரூபாய். அரைவை, பை, லாரி வாடகை எல்லாம் சேர்த்து இன்னொரு 17. அடக்கம் 52. கடைக்குக் கொடுப்பது 70. கிலோவுக்கு 18 ரூபாய் நிற்கிறது, மாதம் 36,000. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது நூற்றுக்கு 15 கிலோ திரும்பி வருகிறது என்று வையுங்கள். விற்றது 1,700 கிலோ, அதில் நிற்பது 30,600. திரும்பி வந்த 300 கிலோவுக்கு அடக்க விலை 15,600 குப்பையில். கையில் 15,000. விற்பனை 15 சதவீதம் குறைந்ததற்கே லாபம் பாதிக்கு மேல் போய்விட்டது. இதிலிருந்துதான் நடத்துகிறவர் சம்பளம், வாடகை, உங்கள் பங்கு எல்லாம் வர வேண்டும்.

இதோடு மாதம் 2 வட்டிப் பேச்சைப் பொருத்திப் பாருங்கள். 12 லட்சத்துக்கு மாதம் 24,000. ஒரு சரக்கும் திரும்பாவிட்டாலும் மொத்த லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பதினைந்து சதவீதம் திரும்பினால் தொழிலில் அந்தப் பணமே கிடையாது. அப்படியானால் முதல் சில மாதங்களுக்கு உங்கள் வட்டி எங்கிருந்து வரும்? நீங்கள் கொடுத்த 12 லட்சத்திலிருந்தே வரும். நண்பர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள்தான் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள், கெட்டவர்கள் இயந்திரமே வாங்க மாட்டார்கள்.

இன்னொரு இடத்தில் நான் கடன் மனுக்களில் திரும்பத் திரும்பப் பார்த்த தப்பு உண்டு. 12 லட்சத்தில் 9 லட்சம் இயந்திரம், ஷெட், பெயர்ப்பலகை. மிச்சம் 3 லட்சம் "இதர செலவு". கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டில் மானாவாரிக் கம்பும் உளுந்தும் ஐப்பசி மழையை நம்பி விதைத்து தை, மாசியில் களத்துக்கு வரும். விலை இறங்கி நிற்கிற அந்த இரண்டு மாதத்தில் வாங்கிப் போடாதவன் வருஷம் முழுக்க வியாபாரியின் விலைக்குத்தான் வாங்குவான். என் மாதிரிக் கணக்கில் ஆறு மாதக் கம்பு 4 லட்சத்து 20 ஆயிரம். சூப்பர் மார்க்கெட் இரண்டு மாதம் கழித்துப் பணம் தந்தால் அங்கே முடங்குவது 2 லட்சத்து 80 ஆயிரம். ஆக 7 லட்சம் சரக்கிலும் பாக்கியிலுமே நிற்கும், இயந்திரத்துக்கு முன்னால். நடைமுறை மூலதனத்துக்குப் பாதிக்கு மேல் ஒதுக்காத திட்டத்தில் நான் கை வைக்க மாட்டேன்.

நம் பக்கத்து அண்ணாச்சி கடைகளைப் பாருங்கள். சின்னக் கடை, சின்னச் சரக்கு, ஆனால் வாரம் ஒருமுறை சுற்றி வரும் பணம். காறுகிற சரக்குக்கு அந்த ஓட்டம்தான் பொருந்தும். குளிரூட்டிய பெரிய கடையின் அலமாரி அழகாக இருக்கும், ஆனால் அங்கே உங்கள் பை மூன்று மாதம் நின்றாலும் யாருக்கும் கவலையில்லை, உங்களைத் தவிர.

எதில்தான் போடலாம் என்று கேட்டால், நான் உளுந்துப் பக்கம் சாய்கிறவன். ஊர்ப்பாசம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் காரணமும் இருக்கிறது. அதே ஐசிஎம்ஆர் ஆய்வின் இன்னொரு பகுதி 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை, மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் புரதம் சேர்த்தால்தான் குறைகிறது என்றது. சிறுதானிய வியாபாரிகளுக்கு இது கசப்பான செய்தி. நண்பரின் விளம்பரத்தில் "சர்க்கரைக்கு ஏற்றது" என்று கம்பு மாவின் மேல் எழுதும் எண்ணம் இருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதிலும் சாமை, வரகு போன்றவற்றை அரிசி மாதிரிப் பளபளவென்று தீட்டி விற்றால், நாரைக் கழித்துவிட்டுப் பெயரை மட்டும் விற்பதுதான்.

ஆனால் புரதம் நம் தட்டில் ஏற்கனவே இருக்கிறது. உளுந்தில் நூற்றுக்கு 22 முதல் 24 பங்கு புரதம். தோலோடு இருந்தால், தோல் நீக்கிய பருப்பில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் நார். திருநெல்வேலிக்காரன் வீட்டில் கருப்பு உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், உளுந்தங்களி, உளுந்தங்கஞ்சி எல்லாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் களி கிண்டிக் கொடுக்காத வீடு எங்கே இருக்கிறது? தினச் சாப்பாட்டை மாற்றுகிற தொழிலில் மிகப் பெரிய செலவு பழக்கத்தை மாற்றுவதுதான், அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. உளுந்தில் அந்தச் செலவு இல்லை. பழக்கம் ஏற்கனவே இருக்கிறது, கொஞ்சம் சோம்பல்தான் குறுக்கே நிற்கிறது. அளவு பார்த்துச் சேர்த்த உளுந்தஞ்சோற்று அரிசி, களிக்கு வறுத்து அரைத்த மாவு, தோலுளுந்து கூட்டிய இட்லி மாவு என்று சோம்பலுக்கு மருந்து கொடுத்தால் போதும். அரிசியும் உளுந்தும் முழுசாகவோ உடைத்தோ பையில் போனால் காறுகிற தொல்லையும் குறைவு.

இட்லி மாவைக் கேவலமாக நினைக்காதீர்கள். பெங்களூரில் 2005இல் ஒரு சின்ன இடத்தில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனம் இட்லி, தோசை மாவை வைத்துத்தான் வளர்ந்தது. 2014இல் ஹீலியன், 2017இல் பிரேம்ஜி இன்வெஸ்ட் என்று பெரிய முதலீட்டாளர்கள் அதில் பணம் போட்டார்கள். அவர்கள் விற்றது நான்கு நாளில் புளிக்கிற சரக்கு. அதைக் குளிர் வண்டியில் ஏற்றித் தினமும் கடை கடையாகச் சேர்த்து, விற்காததைக் கணக்காகத் திருப்பி எடுக்கிற ஏற்பாடுதான் அவர்களின் சொத்து. மாவு நம் வீட்டிலும் அரைக்கிறோம். அந்த ஏற்பாடு நம்மிடம் இல்லை.

மற்ற சரக்குகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நல்லெண்ணெய் மட்டும் நான் சொன்ன விதிக்கு விலக்கு. எள்ளிலேயே காறலைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் சுத்திகரிக்காமலே நிற்கும். ஆனால் அங்கே தொல்லை கலப்படத்தின் விலை. ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ எள் போல வேண்டும். எள் விலையை அதால் பெருக்கி, புண்ணாக்கு வரவைக் கழித்துப் பாருங்கள். அதற்குக் கீழே விற்கிற செக்கெண்ணெயோடு நேர்மையான செக்குக்காரர் போட்டி போட முடியாது.

கருப்பட்டி எனக்கு உயிர். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதை ஆரோக்கிய உணவு என்று சொல்லிப் பணம் திரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்சுகிறார்கள், காய்ச்சிக் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். கொஞ்சம் தாதுச்சத்து, நல்ல மணம். சர்க்கரை நோயாளிக்குச் சீனியும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். பனையேறியின் உழைப்புக்கு விலை கொடுக்க வாங்குங்கள், ருசிக்கு வாங்குங்கள்.

உப்பில் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சோடியத்தில் ஒரு பகுதியைப் பொட்டாசியத்தால் மாற்றிய உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்தது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு விலக்கோடு. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2014இல், தமிழ்நாடு உப்புக் கழகம் சோடியம் குறைத்த உப்பை அம்மா உப்பு வரிசையில் விற்றது. ஆனால் பொட்டாசியம் குளோரைடு விலை கூடுதல். கலவை சீராக இருக்க வேண்டும், ஆய்வகம் வேண்டும். உங்கள் 12 லட்சத்துக்கு அடங்காத தொழில்.

ஏழை வீட்டுச் சந்தையை நினைத்து இறங்கினால் ஒன்றை மறக்கக் கூடாது. ரேஷனில் 2011இலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இடையில் அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஏற்றிய மணிகளை நூற்றுக்கு ஒன்று கலந்தும் கொடுத்தார்கள். நீங்கள் போட்டி போடுவது இலவசத்தோடு.

லேபிள் விஷயத்தில் கறாராக இருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 100 கிராமில் 3 கிராம் நார் இருந்தால்தான் நார்ச்சத்து உள்ளது என்று போடலாம், 6 கிராம் இருந்தால்தான் நார்ச்சத்து மிகுந்தது. "குறைந்த கிளைசெமிக்", அதாவது சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், என்பது மனிதர்களுக்குச் சாப்பிடக் கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. சர்வதேச முறைப்படி குறைந்தது 10 பேர் வேண்டும், கிளைசெமிக் எண் 55 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். அரிசியைப் பார்த்துச் சொல்வதில்லை. ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். அதைவிட முக்கியமான காகிதம் ஒன்று: சித்திரை, வைகாசி வெயிலில் அறையில் வைத்த பையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்த குறிப்பு. நான் 3 லட்சம் போட்டபோது அதைக் கேட்கவில்லை.

பணம் போடுகிற விதத்தைப் பற்றியும் சொல்கிறேன். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் பங்காளியாகச் சேர்ந்தால் கடன்காரர் உங்கள் சொந்தச் சொத்து வரை வரலாம். எல்எல்பி என்கிற வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மையோ தனியார் லிமிடெட் நிறுவனமோ ஆனால் போட்ட பணத்தோடு போகும். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் எந்தக் கணக்கிலிருந்து போடுகிறீர்கள், திரும்ப எடுத்துப் போக முடியுமா என்பதில் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகள் உண்டு, அதை ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். விவசாயம் செய்கிறவர்தான் அதில் உறுப்பினராக முடியும். ஊரில் பலரிடம் இப்படி மாத வட்டி சொல்லி நண்பர் பணம் வாங்குகிறார் என்றால் உடனே விலகுங்கள். பொதுமக்களிடம் இப்படி டெபாசிட் வாங்குவதைக் கட்டுப்படுத்த 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இருக்கின்றன.

மத்திய அரசு 2020இல் தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். கடனோடு இணைந்தது. உரிமையாளர் கையிலிருந்து 10 சதவீதமாவது போட வேண்டும் என்பது விதி. இப்போது அதன் நிலவரம் என்ன என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். நண்பர் ஏன் அங்கே போகாமல் உங்களிடம் வந்தார் என்றும் கேளுங்கள். வங்கி மறுத்திருந்தால் மறுத்த காரணத்தைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு இலவச ஆலோசனை. நாங்கள் எப்போதும் சரியாகச் சொன்னோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய கணக்கைப் பார்த்துத்தான் சொல்வோம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நண்பரிடம் இப்படிச் சொல்வேன். 12 லட்சம் இல்லை, இப்போதைக்கு 2 லட்சம். இயந்திரம் வாங்க வேண்டாம், ஆலங்குளத்திலோ பாவூர்சத்திரத்திலோ இருக்கிற மில்லில் கூலிக்கு அரைக்கட்டும். இரண்டே சரக்கு: உளுந்தஞ்சோற்று அரிசி, அவித்து அரைத்தீட்டிய அம்பை 16. சென்னை வேண்டாம். திருநெல்வேலி டவுனில் தொடங்கி பாளையங்கோட்டை, தென்காசி வரை நாற்பது கடை. ஆறு மாதம். ஒவ்வொரு கடையிலும் எத்தனை பை வைத்தது, எத்தனை திரும்பியது, மூன்றாவது தடவை தானாகக் கேட்டு வாங்கிய வீடு எத்தனை என்று ஒரு நோட்டு. வாட்ஸ்அப்பில் வாராவாரம் அந்தப் பக்கத்தின் படம் உங்களுக்கு வர வேண்டும். சித்திரை வெயிலைத் தாண்டி வந்த நோட்டில் திரும்பியது நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் அடுத்த தவணையைப் பேசலாம். இருந்தாலும் பத்து மடங்கு ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து ஊருக்குள் நடக்கிற சரக்கு வங்கி வட்டியைவிட நாலைந்து சதவீதம் கூடத் தந்தால் அதுவே நல்ல தொழில். பட்டியலிட்ட பெரிய உணவு நிறுவனங்களின் பங்கை வாங்குவது வேறு சோலி. அவர்களுக்குச் சிறுதானியம் நூறு பொருளில் ஒன்று, பிஸ்கட் விற்றால்தான் உங்கள் பங்கு ஏறும்.

நண்பர் இதற்கு ஒத்துக்கொள்ளாமல் "இயந்திரம் இல்லாமல் தொழிலா" என்று கோபித்துக்கொண்டால், நட்புக்காக ஐம்பதாயிரம் கொடுத்து அதைத் திரும்பக் கேட்காதீர்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த விடுமுறைக்கு வைகாசியில் வாருங்கள். அவருடைய கிட்டங்கியில் இரண்டு மாதம் ஆன பையாக ஒன்றை நீங்களே எடுத்து, நீங்களே பிரித்து மோந்து பாருங்கள்.